இடித்துக் கட்டப் போகிறார்கள், கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: சென்னையில் நாற்பது வருடப் பழைய நான்கு மாடி அரசுக் குடியிருப்பு. கட்டடம் வலுவிழந்துவிட்டது, இடித்துவிட்டு அதே இடத்தில் உயரமாகக் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். அடுத்த மாதம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. போனால் பயன் உண்டா, இல்லை கையெழுத்து வாங்குவதற்கான கண்துடைப்பா? மக்கள் பங்கேற்பு என்கிறார்களே, அது எங்காவது உருப்படியாக நடந்திருக்கிறதா?

போங்கள். ஆனால் கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, அந்த ஒரு மாதத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரத்தில் யார் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் பெரிதாக எதுவும் மாறிவிடாது. அதற்குள் உங்கள் குடியிருப்பைப் பற்றிய கணக்கும் வரைபடமும் உங்கள் கையில் சேர்ந்திருந்தால் மாற வாய்ப்பு உண்டு. சில வருடங்கள் வரைபடம் போடுகிறவர்கள் பக்கமும், அப்புறம் குடியிருப்பவர்கள் பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட். நுழைவாயிலில் வருகைப் பதிவேடு. மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். அதில் புதுக் கட்டடத்தின் கம்ப்யூட்டர் படம். படத்தில் புல்தரை இருக்கும், நம் ஊரில் வளராத மரம் இருக்கும், நம் ஊரில் யாரும் போடாத தொப்பியோடு ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு போவார். தரைத்தளத்தில் இருக்கும் ஓர் அம்மா எழுந்து, "சார், எனக்கு முட்டி வலி, எங்களுக்குக் கீழ் வீடே கிடைக்குமா?" என்பார். "அதெல்லாம் குலுக்கல்லதாம்மா" என்று பதில் வரும். மூன்றாவது கேள்வி கேட்பவர் பக்கத்து வீட்டுச் சண்டையை இழுப்பார். சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். சில மாதம் கழித்து நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் பார்த்தால், 'கலந்துகொண்ட மக்கள் திட்டத்தை ஒருமனதாக வரவேற்றனர்' என்று இருக்கும். ஆதாரம், வருகைப் பதிவேட்டில் நீங்கள் போட்ட கையெழுத்து.

இதற்கு அதிகாரிகளைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. எத்தனை வீடு, எத்தனை மாடி, எவ்வளவு பணம், ஒப்பந்தப்புள்ளி எப்போது என்பதெல்லாம் முடிவான பிறகு கூட்டம் போட்டால், அங்கே உட்கார்ந்திருக்கும் பொறியாளரே நினைத்தாலும் ஒரு சுவரைக்கூட நகர்த்த முடியாது. அமெரிக்காவில் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையில் வேலை பார்த்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்பவர் 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். நகரத் திட்டமிடல் படிக்கிறவர்கள் எல்லோரும் முதல் வருடமே இதைப் படித்துவிடுவார்கள். கருத்துக் கேட்பது அதில் நான்காவது படி. கேட்பார்கள், ஆனால் கேட்டதைச் செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதால் அதை ஒப்புக்கு நடப்பவற்றின் வரிசையில்தான் வைத்தார். ஆறாவது படியிலிருந்துதான் அதிகாரத்தில் பங்கு. நான்கிலிருந்து ஆறுக்கு எப்படி ஏறுவது என்பதை ஏணி சொல்லாது. அதை மும்பையில் நடைபாதையில் படுத்திருந்தவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் கதையில் நம் ஆட்களும் நிறைய இருக்கிறார்கள். 1981 ஜூலையில் பம்பாயில் நடைபாதைக் குடிசைகளை இடித்து, இருந்தவர்களை பஸ் ஏற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பும் வேலை நடந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கின் மனுதாரர்களில் சேலத்திலிருந்து பிழைக்கப் போனவர்களும் இருந்தார்கள். 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் அதே தீர்ப்பு, அக்டோபர் 31 வரை பொறுத்திருந்து, மழைக்காலம் போனதும் அகற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. உரிமை கிடைத்தது, வீடு போகப் போகிறது.

அந்த இடைவெளியில் பம்பாயின் பைகுல்லா பகுதியில் நடைபாதைப் பெண்களோடு வேலை செய்துகொண்டிருந்த ஸ்பார்க் என்ற அமைப்பு (1984-ல் தொடங்கியது, ஷீலா படேல் அதன் நிறுவனர்களில் ஒருவர்) ஒரு காரியம் செய்தது. நடைபாதையில் இருப்பவர்களின் துணையோடு அவர்களையே கணக்கெடுத்தது. 6,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள், ஏறக்குறைய 27,000 பேர். நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்று நகரம் நினைத்துக்கொண்டிருந்தது. கணக்கைப் பார்த்தால் பலரும் பத்து வருடத்துக்கு மேல் அதே இடத்தில் இருந்தவர்கள், நடந்து போகும் தூரத்தில் வேலை வைத்திருந்தவர்கள். அதுவரை இவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாதவரை இடித்தால் மாற்று இடம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சே எழாது.

1986-ல் அந்தப் பெண்கள் மகிளா மிலன் என்று தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு அவர்களோடு சேர்ந்தது. அதை நடத்தியவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பம், பதின்வயது முடியும் முன் பம்பாய்க்குப் போய்த் தச்சு வேலை பார்த்தவர். மான்குர்த் பக்கம் ஜனதா காலனியில் இருந்தபோது, குப்பை அள்ள மாநகராட்சி வரவில்லை என்று, குழந்தைகளைத் திரட்டி ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையை அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்ட வைத்தவர். அந்தக் காலனியைக் காப்பாற்ற நீதிமன்றம், டெல்லி என்று அலைந்தார். ஆனாலும் 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், அது இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். மறியலும் மனுவும் மட்டும் போதாது, எதிர்ப்பதற்கு முன் கையில் ஒரு மாற்றுத் திட்டம் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது அந்தத் தோல்வியிலிருந்துதான். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ, 2018-ல் மறைவு. நம் பத்திரிகைகளில் அவரைப் பற்றி எழுதியது ரொம்பக் குறைவு. எனக்கு அது இன்னும் உறுத்தல்.

நடைபாதைப் பெண்கள் அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வீடு கிடைத்தால் எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தார்கள். காகிதத்தில் பத்துக்குப் பதினைந்து அடி என்றால் நம்மில் பலருக்கும் ஒன்றும் பிடிபடாது. அதனால் கட்டை நட்டு, துணி கட்டி, முழு அளவிலேயே மாதிரி வீடு எழுப்பினார்கள். உள்ளே போய் நின்று, படுத்து, பாத்திரம் வைத்துப் பார்த்தார்கள். இடம் போதாது; சரி, அகலம் கூடக் கிடைக்காது, உயரத்தைக் கூட்டு என்று பதினான்கு அடி உயரத்தில், நடுவே பரண் போட்ட வீடு பிறந்தது. நம் வீட்டுப் பரண் மாதிரி சாமான் போட மட்டும் இல்லை, ஆள் படுக்கும் பரண். அதை வெளியில் காட்சிக்கு வைத்து அதிகாரிகளையும் கூப்பிட்டார்கள். இங்கே கருத்துக்கேட்புக் கூட்டத்தை நடத்தியது மக்கள், பார்வையாளராக வந்தது அரசு. வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

இந்தப் பழக்கம் பெரிய அளவில் உதவியது ரயில் பாதை ஓரத்தில். மும்பையில் தண்டவாளத்தை ஒட்டியே ஆயிரக்கணக்கான குடிசைகள். அந்த இடங்களில் ரயில்கள் வேகத்தைக் குறைத்தே போக வேண்டும். கூடுதல் பாதை போட உலக வங்கிக் கடனோடு ஒரு திட்டம் வந்தபோது, ஓரத்தில் இருப்பவர்களை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. அங்கே இருந்தவர்கள் அதற்குள் தங்களைக் கணக்கெடுத்து, ஏறக்குறைய ஐம்பது வீட்டுக்கு ஒரு குழு என்று பிரிந்து, சேமிப்புக் கணக்கு தொடங்கி, யார் பக்கத்தில் யார் என்பது வரை எழுதி வைத்திருந்தார்கள். பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்படும். இல்லாத தம்பிக்கு ஒரு வீடு என்று யாராவது எழுதினால் எதிர்வீட்டுக்காரரே கேட்டுவிடுவார். வெளியிலிருந்து வந்து எடுக்கும் கணக்கில் இந்தக் கண்காணிப்பு வரவே வராது. நடுவில் 2000 பிப்ரவரியில் ரயில்வே தன் பாட்டுக்கு இரண்டாயிரம் குடிசைகளை இடித்த சம்பவமும் உண்டு. அதற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பின் வேலை மறுபடி பேச்சுவார்த்தைப் பாதைக்கு வந்தது. அடுத்த ஓரிரு வருடத்தில் 60,000 பேர் வரை போலீஸ், புல்டோசர் இல்லாமல், தாங்களாகவே மூட்டை கட்டிக் குழுகுழுவாக இடம் மாறினார்கள். நம் நாட்டில் இந்த அளவில் இது அபூர்வம்.

இதோடு நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன். அதே திட்டத்தின் சாலைப் பகுதியில், குர்லா பக்கம் கடை வைத்திருந்தவர்கள் 2004-ல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் புகார் கொடுத்தார்கள். எங்கள் பிழைப்பு வேறு, எங்களுக்குக் காட்டும் மாற்று இடம் உதவாது, எங்களிடம் யாரும் சரியாகக் கேட்கவில்லை என்பது அவர்கள் வாதம். ஆய்வுக் குழு அதில் நியாயம் இருப்பதாகக் கண்டது. 2006 மார்ச்சில் சாலைப் பகுதிக்கான கடனை வங்கி சில மாதம் நிறுத்தி வைத்தது. ரயில் பாதைக் குடிசைவாசிகளுக்குச் சிறந்த குரலாக இருந்த ஸ்பார்க் கடைக்காரர்களுக்கும் குரலாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிசகு. உங்கள் சங்கத் தலைவர் மேடை ஏறுவதற்கு முன் நீங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. சொந்தமாக ஒதுக்கீட்டு ஆணை வைத்திருப்பவர்களுக்கு அவர் பேசுவார். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு யார் பேசுவார்? படிக்கட்டுக்கு அடியில் தையல் மெஷின் போட்டிருப்பவருக்கு?

இன்னொன்று, மாறிப் போன இடங்களின் கதி. மும்பையின் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் கட்டடங்கள் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி நிற்கின்றன. கீழ்த் தளங்களுக்கு வெயில் வராது, காற்று வராது. அங்கே காசநோய் பரவுவதற்கும் இந்த அடைப்புக்கும் தொடர்பு இருப்பதை 2018-ல் வந்த ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. யார் போவது, எப்போது போவது, யார் பக்கத்தில் யார் என்பதில் மக்களுக்குப் பங்கு இருந்தது. கட்டடங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது விதிப்புத்தகத்தில் வேறு யாரோ முடிவு செய்தது. அந்த விதியின் மேல் அவர்கள் கை எட்டவில்லை.

நிலம் யாருடையது என்ற கேள்வியில் இன்னும் மேலே போனவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் டட்லி தெருக்காரர்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் ஏறக்குறைய 1,300 காலி மனைகள். வங்கி கடன் கொடுக்காது, வீட்டு உரிமையாளர்கள் காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்திவிட்டுப் போனவை நிறைய, மீதி இடத்தில் வெளியூர் லாரிகள் ராத்திரியில் குப்பை கொட்டின. 1984-ல் ஓர் அறக்கட்டளை உதவ வந்தது. தொண்டு நிறுவனங்களைக் கூட்டி, ஒரு நிர்வாகக் குழுவுக்குத் திட்டம் தயாரித்து, 1985 பிப்ரவரியில் தேவாலயத்தில் கூட்டம் போட்டு மக்கள் முன் வைத்தார்கள். அதில் குடியிருப்பவர்களுக்கு என்று ஒதுக்கிய இடங்கள் ரொம்பச் சொற்பம். கூட்டத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள்? ஒரு கையும் உயரவில்லை.

அந்த அறக்கட்டளையைப் பாராட்ட வேண்டும். கோபித்துக்கொண்டு போகாமல் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதச் சம்மதித்தது. குடியிருப்பவர்கள் கைக்குப் பொறுப்பு மாறியது. கறுப்பினத்தார், கேப் வெர்டியர் (மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய தீவுகளிலிருந்து வந்தவர்கள்), லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்), வெள்ளையர் என்று அங்கே நான்கு சமூகம். மக்கள்தொகையில் யார் அதிகம் என்று பார்க்காமல் நான்குக்கும் சம எண்ணிக்கையில் இடம் கொடுத்தார்கள். சின்னச் சமூகம் பயப்படாமல் உள்ளே வந்தது அதனால்தான்.

அடுத்து அவர்கள் எடுத்த வேலை மாஸ்டர் பிளான் கிடையாது, குப்பை. 1986-ல் 'எங்கள் தலையில் கொட்டாதே' என்ற இயக்கம் நடத்தி, மேயர் ரே ஃப்ளினை நேரில் வரவழைத்து, சட்டவிரோதக் குப்பை மையங்களை மூட வைத்தார்கள். சின்ன வேலை, கண்ணில் தெரியும் வேலை. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரும். 1987-ல் தங்கள் பகுதிக்கான முழுத் திட்டத்தைத் தாங்களே ஆலோசகர்களை அமர்த்தித் தயாரித்தார்கள். நகர நிர்வாகம் அதை ஏற்றது. 1988 நவம்பரில் பாஸ்டன் மறுமேம்பாட்டு ஆணையம், அந்தப் பகுதிக்குள் டட்லி முக்கோணம் என்று அழைக்கப்படும் இடத்தில் இருந்த காலி நிலங்களைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை இவர்களுக்கே கொடுத்தது. அரசு நம் நிலத்தை எடுக்கும் அதிகாரம் இருக்கிறதே, அது ஒரு குடியிருப்போர் அமைப்பின் கைக்கு வந்தது. ஆள் இருக்கும் வீட்டைத் தொடக்கூடாது, காலி மனை மட்டும், அதற்கும் நியாயமான விலை கொடுக்க வேண்டும். வாங்கிய நிலத்தை விற்காமல் ஒரு நில அறக்கட்டளையில் வைத்தார்கள். வீடு வாங்குபவருக்கு வீடு சொந்தம், நிலம் 99 வருடக் குத்தகை, மறுபடி விற்கும் விலைக்கு வரம்பு. அப்படி 225 வீடுகளுக்கு மேல் அந்த நிலத்தில் இருக்கின்றன. தெரு நன்றானதும் பழைய ஆட்களைத் துரத்திவிட்டு வசதியானவர்கள் வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. இங்கே அந்த வீடுகளில் அது நடக்க வழியில்லை.

இது உங்களுக்கு நேராகப் பொருந்தாது என்று தெரியும். உங்கள் நிலம் அரசுடையது, கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. பலரிடம் அதுவும் முதல் ஒதுக்கீட்டாளர் பேரில் இருக்கும், பவர் எழுதி வாங்கியது, அதற்கு மேல் இன்னொரு பவர். பாஸ்டனிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு கேள்வியையும், சின்னச் சமூகத்துக்கும் சம இடம் என்ற விதியையும்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். சட்டம் முழுக்கக் கைவிடவில்லை. 1992-ன் 74-வது திருத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் வந்தது 2022-ல், முப்பது வருடம் கழித்து. கவுன்சிலர்தான் வார்டு குழுத் தலைவர்; உறுப்பினர்கள் நியமனம், தேர்தல் இல்லை. இது எனக்குத் திருப்தி தராத ஏற்பாடு. ஆனாலும் பகுதி சபையில் வாக்காளர் எல்லோரும் உட்காரலாம், கேள்வியைப் பதிவு செய்யலாம். உங்கள் குடியிருப்பின் கதையைக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்காகக் காத்திருக்காமல் அங்கேயும் ஒரு தடவை பதிவு செய்துவிடுங்கள். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் இன்னும் ஒரு படி மேல்: நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக, அவர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். உங்கள் வாசலில் தள்ளுவண்டி போட்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். தனியார் அடுக்கக உரிமையாளர்களுக்கு 2022-ன் புதுச் சட்டப்படி பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் இருந்தால்தான் இடித்துக் கட்ட முடியும். ஒதுக்கீட்டில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. அதனால்தான் காகிதத்தில் ஆதாரம் சேர்க்கச் சொல்கிறேன்.

முதல் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அதனால் இன்றே போடுங்கள். கட்டட உறுதித்தன்மை அறிக்கை, புதுக் கட்டடத்தின் வரைபடம் (ஃப்ளெக்ஸில் இருக்கும் படம் வேண்டாம், அளவு போட்ட வரைபடம்), பயனாளிகள் பட்டியல், குடும்பம் கட்ட வேண்டிய பங்களிப்புத் தொகை, கட்டி முடிக்கும் காலம். இந்த ஐந்தையும் கேளுங்கள். உறுதித்தன்மை அறிக்கை மெய்யாகவே மோசமாக இருந்தால் இடிப்பதைத் தள்ளிப்போட வாதாடாதீர்கள். திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் ஒரு பழைய குடியிருப்பின் 24 வீடுகள் அப்படியே சரிந்தன. விரிசலைப் பார்த்து ஆட்கள் முன்னாலேயே வெளியே வந்ததால் உயிர் தப்பினார்கள். அப்படிப்பட்ட கட்டடத்தில் பேசவேண்டியது திரும்பி வருவதற்கான உத்தரவாதம் பற்றி. இடிக்கலாமா என்பது அங்கே பேச்சே இல்லை.

இரண்டாவது, கணக்கு. ஊர் பேர் வேண்டாம், ஒரு நகரத்தில் இப்படி ஒரு குடியிருப்பில் கூட இருந்தேன். மகளிர் குழுப் பெண்கள் ஆறேழு பேர், ஒரு நீளமான அக்கவுண்ட் நோட்டு, சாக்பீஸ். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒவ்வொரு கதவிலும் எண் போட்டு, ஒதுக்கீடு யார் பேரில், இப்போது இருப்பது யார், எத்தனை குடும்பம், எத்தனை வருடம், வீட்டிலேயே தொழில் என்ன, நடக்க முடியாதவர் உண்டா என்று எழுதினார்கள். பட்டியலைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டினோம். அன்று ராத்திரியே சண்டை. ஒரே வீட்டில் தடுப்புப் போட்டு இருந்த அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் தனித்தனியா, ஒன்றா என்று. அது நல்லதுக்குத்தான், அதிகாரி முன்னால் வெடிக்க வேண்டிய சண்டை தொட்டி முன்னால் வெடித்து ஒரு வாரத்தில் அடங்கியது. கடைசியில் அலுவலகப் பட்டியலைவிட எங்களுடையதில் ஐம்பதுக்கு மேல் குடும்பம் கூடுதல். வாடகைக்காரர்கள், கல்யாணமான பிள்ளைகள், இறந்துபோன ஒதுக்கீட்டாளரின் மனைவிகள்.

அப்புறம் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் வரைபடத்தின் அளவுக்கே ஒரு வீட்டைக் கோலமாவில் போட்டோம். மும்பைத் துணி வீட்டின் ஏழைச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் அளவுக்கு நியூஸ்பேப்பர் விரித்து, பீரோவுக்கு ஒரு அட்டைப்பெட்டி வைத்துப் பார்த்தபோது, சமையலறைக் கதவு திறந்தால் ஃப்ரிட்ஜ் வைக்க இடமில்லை என்று தெரிந்தது. தாழ்வாரத்தையும் போட்டோம். ஒரு பாட்டி அதில் நடந்து படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றார். "இதுல பாடையை எப்படித் திருப்புவாங்க?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. லிஃப்ட்டில் ஆளை நிற்க வைத்துத்தான் கொண்டுபோக முடியும், ஸ்ட்ரெச்சர் நுழையாது. எந்தப் பொறியாளரும் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கவில்லை, விதிப்படி எல்லாம் சரி.

கூட்டத்தில் அந்த நோட்டின் நகலையும், கோலமாவு வீட்டின் போட்டோவையும், ஒரு பக்க மனுவையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினோம். படிக்கட்டுத் திருப்பம் அகலமானது. நடக்க முடியாதவர் இருக்கும் வீடுகளைக் குலுக்கலுக்கு வெளியே எடுத்துக் கீழ்த்தளம் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். இறந்தவர் பேரில் இருந்த ஒதுக்கீடுகளை வாரிசுக்கு மாற்ற ஒரு நாள் முகாம் போட்டார்கள். கடைகளுக்கு இடம் கிடைக்கவில்லை, தையல்காரர் இப்போது மெயின் ரோட்டில் வாடகை கொடுக்கிறார். வாடகைக்காரர்கள் பட்டியலில் ஏறவே இல்லை. சொந்த ஒதுக்கீடு உள்ளவர்களே கடைசி நேரத்தில் அவர்களுக்காகப் பேசாமல் இருந்துவிட்டார்கள், தங்களுக்கு வருவது தாமதமாகிவிடுமோ என்று. குர்லா கடைக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'மனு தனியாக இணைத்துள்ளேன்' என்று எழுதுங்கள். ஒருவர் செல்போனில் முழுதும் ரெக்கார்ட் செய்யட்டும், ஒருவர் கையால் குறிப்பு எழுதட்டும். முடிந்த ஒரு வாரத்தில் நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேட்டு, உங்கள் குறிப்போடு ஒத்துப் பார்த்து, விட்டுப்போனதை எழுத்தில் கொடுங்கள். பேசுகிறவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும், ஒருவராவது வாடகைக்காரராக இருக்கட்டும்.

வீட்டைக் காலி செய்வதற்கு முன் கையில் வாங்க வேண்டியது, திரும்பி வரும் உரிமை உங்கள் பேரில், கதவு எண்ணோடு, தேதியோடு எழுதிய ஒரு தாள். வெளியே தங்குவதற்கென்று கொடுக்கும் கருணைத்தொகையின் ரசீது அதற்கு ஈடாகாது. கட்டி முடிக்கத் தாமதமானால் வாடகைக்கு யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே கேளுங்கள். கடைசியாக ஒன்று, எல்லோரும் கேட்க மறப்பது: இப்போது நான்கு மாடி, படியேறிப் போய்விடுகிறீர்கள். புதுக் கட்டடம் ஒன்பது மாடி என்றால் லிஃப்ட்டுக்கு, மோட்டாருக்கு, ஜெனரேட்டருக்கு மாதம் வீட்டுக்கு எவ்வளவு வரும், யார் வசூலிப்பது, லிஃப்ட் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது. இதைக் கேட்கும்போது அந்த முட்டி வலி அம்மாவை முன் வரிசையில் உட்கார வையுங்கள்.